பட்டறைக்காரர் படிக்கும் கடிதம்

நேயர்களுக்கு வணக்கம்.

தாழ்ந்த சுருதிக்கென்றே இருக்கும் பேஸ் கிட்டாரில் ஒரே மாடலின் மேல் பைத்தியமாக இருக்கும் பத்துப் பேர் ஓரிடத்தில் கூடினால் பேச்சு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். "இதையே அந்தப் பழைய நிறத்தில், இன்னொரு பிக்கப்போடு, நமக்காக ஒரு நூறு மட்டும் செய்து தரச் சொன்னால் என்ன?" பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பாகம். அன்றைக்கே தயாரிப்பாளருக்குக் கடிதம் பறக்கும். பதில் பெரும்பாலும் வராது. வந்தாலும் ஆர்வத்துக்கு நன்றி சொல்லும் இரண்டு வரிதான்.

இதில் தயாரிப்பாளர்மேல் கோபப்பட எனக்கு மனம் வருவதில்லை. அந்தக் கடிதங்களில் பல, பட்டறைக்குள் என்ன நடக்கிறது என்பதையே யோசிக்காமல் எழுதப்பட்டவை.

ரிக்கன்பேக்கர் என்ற கிட்டார் நிறுவனம் 1991இல் யெஸ் என்ற ராக் இசைக்குழுவின் பேஸ் கலைஞர் கிறிஸ் ஸ்கொயர் பெயரில் 4001சிஎஸ் என்ற சிறப்புப் பதிப்பைக் கொண்டுவந்தது. அவர்களுடைய வழக்கமான 4001 மாடலில் உடலின் விளிம்பைச் சுற்றி வெள்ளைப் பட்டை ஓடும், விரல்பலகையில் முக்கோண அடையாளங்கள் பதித்திருக்கும். ஸ்கொயர் வாசித்த 1960களின் கருவியில் பட்டையும் கிடையாது, முக்கோணமும் கிடையாது, வெறும் புள்ளிகள்தான். சிறப்புப் பதிப்பும் அப்படியே வந்தது, க்ரீம் நிறத்தில். உடலின் வடிவம் பட்டறையில் ஏற்கெனவே இருந்ததுதான். கூட்டியதைவிடக் கழித்தது அதிகம். தயாரிப்பாளர் சம்மதிக்கக்கூடிய முன்மொழிவு பெரும்பாலும் இந்த வகைதான். அவர் கையில் இருப்பதை வேறு விதமாகச் சேர்க்கச் சொல்ல வேண்டும், அவ்வளவே.

எது சுலபம், எது கஷ்டம்? நிறம் சுலபம். உடலில் கீறல் விழாமல் காக்கும் பிக்கார்டு தகடு, ஒலியைத் திருகும் குமிழ், கம்பியை முறுக்கும் டியூனர் எல்லாம் திருகாணியை முடுக்குகிற வேலை. பிக்கப்பின் இடத்தை மாற்றுவது நடுத்தரம்: உடலில் குழி வெட்டும், கணினியால் இயங்கும் சிஎன்சி இயந்திரத்துக்குப் புது நிரல் எழுத வேண்டும், அதற்குப் பொருந்தும் பிக்கார்டு வேண்டும். ஆனால் அந்த இடமாற்றம் ஒலியை நிஜமாகவே மாற்றும். உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் நகர்த்தினால் உறுமல் கூடும், கருவியின் கழுத்தான நெக் பக்கம் நகர்த்தினால் அடிநாதம் தடிக்கும். கேட்பதானால் இதைக் கேட்கலாம், செலவுக்கு ஏற்ற பலன் உண்டு.

ஸ்கேல் நீளத்தில், அதாவது கம்பி அதிரும் நீளத்தில் கைவைத்தால்தான் வம்பு. ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸ் 1951இல் 34 அங்குலத்தோடு வந்தது, இன்றும் பெரும்பாலான பேஸ்களுக்கு அதுதான் அளவு. அதே நிறுவனம் 1966இல் கொண்டுவந்த மஸ்டாங் பேஸ் 30 அங்குலம். "நான்கு அங்குலம்தானே, குறைத்துத் தரக் கூடாதா?" என்பார்கள். விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்தான் ஃபிரெட். அதில் பன்னிரண்டாவது எப்போதும் நீளத்தின் சரிபாதியில் இருக்க வேண்டும். 34க்கு 17, 30க்கு 15. ஆக ஒவ்வொரு ஃபிரெட்டின் இடமும் மாறும், நெக் புதிது, பிரிட்ஜ் நகரும், எடைச் சமநிலை மாறும். அதே கம்பியை அதே சுருதிக்குக் கட்டினால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து தொளதொளக்கும், தடித்த கம்பி தேட வேண்டும். பெட்டிகூடப் பொருந்தாது. நான்கு கம்பியை ஐந்தாக்கச் சொல்வதும் இதே கதைதான். நொடிக்கு ஏறக்குறைய 31 முறை அதிரும், பி சுரத்துக்கான அந்தத் தாழ்ந்த ஐந்தாவது கம்பிக்காக நெக், அதன் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் நட், பிரிட்ஜ், பிக்கப், தலைப்பகுதி எல்லாமே அகலமாக வேண்டும். இதைச் சிறப்புப் பதிப்பு என்று சொல்ல முடியாது, புதுக் கருவி.

மரமும் அப்படித்தான். 1960களின் கருவிகளைக் காதலிப்பவர்கள் பிரேசில் ரோஸ்வுட் விரல்பலகை கேட்பார்கள். அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் அந்த மரம் 1992இலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. மற்ற ரோஸ்வுட் வகைகளுக்கு 2017இல் வந்த கட்டுப்பாடு, 2019 இறுதியில் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்குத் தளர்த்தப்பட்டது. பிரேசில் மரத்துக்கு அந்தத் தளர்வு கிடையாது. எல்லை தாண்டும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கட்டுக் காகிதம் தேவைப்படும் என்றால் எந்தத் தயாரிப்பாளர் தலையாட்டுவார்?

கேட்கிற ரசிகர் குழுவுக்குள் நடக்கும் சண்டை தனி. ஆளுக்கொரு நாட்டாமை. கடல்நீலம் வேண்டும் என்று ஒருவர், கறுப்பில்லாவிட்டால் வாங்கவே மாட்டேன் என்று இன்னொருவர். ஒத்துப்போக வேண்டுமே என்று கடைசியில் மூன்று நிறம், இரண்டு பிக்கப், விருப்பத்துக்கு ஏற்ப நெக் என்று எழுதி அனுப்புவார்கள். நூறு கருவியை இப்படிப் பிரித்தால் நிறம் மாறும்போதெல்லாம் பெயிண்ட் துப்பாக்கியைக் கழுவி மறுபடி தொடங்க வேண்டும். வாக்கெடுப்பு வேண்டாம் என்பதே என் கட்சி. ரசனையும் பிடிவாதமும் உள்ள ஒருவரிடம் பொறுப்பை விட்டுவிடுங்கள். பிடிக்காதவர்கள் விலகிக்கொள்ளட்டும்.

விலகினால் எண்ணிக்கை குறையுமே என்றால், குறையட்டும். "நான் கண்டிப்பாக வாங்குவேன்" என்று எழுதிய நூறு பேரைவிட முன்பணம் கட்டிய முப்பது பேர் தயாரிப்பாளருக்குப் பெரிய கூட்டம். அந்தப் பணத்தைக் குழுவே வசூலித்து வைத்துக்கொள்ளாமல், அந்த நிறுவனத்தின் பொருளை ஏற்கெனவே விற்கும் ஒரு கடைக்காரரை நடுவில் நிறுத்துவது நல்லது. நிறுவனங்கள் மொத்த ஆர்டரைக் கடைக்காரரிடமிருந்து வாங்கிப் பழகியவை. ஒரு கடைக்காக மட்டும் தனி நிறத்தில் சிறு தொகுப்பு செய்து தருவது இந்தத் தொழிலில் புதிதல்ல. உத்தரவாதம், பழுது, திருப்பி அனுப்புதல் ஆகிய தலைவலிகளும் அப்போது அவரிடம் போய்விடும்.

இன்னொரு விஷயம், பலர் கவனிப்பதில்லை. வெளியாள் அனுப்பும் புதுக் கண்டுபிடிப்புகளைப் பல நிறுவனங்கள் திறந்தே பார்ப்பதில்லை. நாளைக்கு அதே போன்ற ஒன்றை அவர்களே வெளியிட்டால், என் யோசனையைத் திருடிவிட்டார்கள் என்று வழக்கு வரும் என்ற பயம். அதனால் வரைபடம் போட்டு அனுப்பாதீர்கள். அவர்களுடைய விலைப்பட்டியலில் உள்ள பெயர்களையே வைத்துப் பேசுங்கள்: இந்த மாடலின் உடல், அந்த மாடலின் பிக்கப், நீங்கள் கைவிட்ட அந்த நிறம். ஒரே பக்கம் போதும். இசைக்கலைஞர் ஒருவரின் பெயரைப் போடலாம் என்ற ஆசை வந்தால், அவர் ஒப்பந்தமும் பங்குத்தொகையும் கேட்பார் என்பதை முதலிலேயே விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பெயரை விட்டுவிடுங்கள்.

அப்படியும் முடியாது என்று பதில் வரலாம். இடதுகைக்காரர்களுக்கு இது பழகிப்போன பதில். அவர்களுக்கு முழுக் கருவியையும் கண்ணாடிப் பிம்பமாகச் செய்ய வேண்டும், வாங்குபவர்களோ மிகக் குறைவு. அந்த நிலையில் தனியாகக் கிட்டார் செய்யும் கைவினைஞரிடம் போகலாம், அளவும் மரமும் உங்கள் விருப்பம். தலைப்பகுதியின் வடிவத்தை மட்டும் அப்படியே நகல் எடுக்கச் சொல்லாதீர்கள். பல நிறுவனங்கள் அதை வணிகமுத்திரையாகப் பதிவு செய்து வைத்திருக்கின்றன, நல்ல கைவினைஞர் யாரும் அந்த வேலைக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்.

நன்றி, வணக்கம்.