ஒரே பீடம், இரண்டு கூடம்

நண்பர்களே, காலனியக் காலத்தைக் களமாகக் கொண்ட நாவல்களில் ஒரு காட்சி சலிக்காமல் வருகிறது. வெள்ளைக்காரப் பாதிரியார் சேரிப் பையனைத் தொட்டுத் தூக்குவார், ஞானஸ்நானம் கொடுப்பார். அந்தப் பக்கத்தோடு சாதி முடிந்துபோகும். நடந்தது அப்படியல்ல. சாதியைக் கோயில் வாசலில் செருப்போடு யாரும் கழற்றி வைக்கவில்லை. அதுவும் உள்ளே வந்து பாய் விரித்து உட்கார்ந்தது.

திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலைப் பாருங்கள். 1872இல் கட்டியது. அமைப்பு கால்சட்டை மாதிரி: பீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு கால்களாகப் பிரியும் இரண்டு கூடங்கள். ஒன்றில் வேளாளர் தரப்பு, மற்றதில் நாடார். பூசை ஒன்றுதான், உட்காருவது தனித்தனி. 1910இல் நடுத்தடுப்பை இடித்தார்கள். வேளாளர் தரப்பு வழக்குப் போட்டு, சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. இந்தக் கட்டடத்துக்கு நூல் பிடித்தது யார், பணம் கொடுத்தது யார், தடுப்பு விழுந்த மறுஞாயிறு யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று கேட்டால் போதும், நாவலாசிரியருக்கு ஐந்து அத்தியாயம் கிடைத்துவிடும். நம்மவர்கள் கேட்பதில்லை.

அடுத்தது ஆண்டு. தஞ்சாவூர் சீர்திருத்தச் சபையில் (புராட்டஸ்டண்டு சபையில்) கதை 1825இல் நடக்கிறதா, 1835இலா? முன்னதென்றால் தனி இருக்கை, இராப்போஜனத்தில் (அப்பமும் ரசமும் வாங்கும் சடங்கில்) வேளாளர் முதலில் வாங்குவது எல்லாம் பழகிய வழக்கம். 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். வேளாளர் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். பத்தாண்டு தள்ளினால் அதே பாத்திரம் வேறு மனிதர். திருநெல்வேலி கதை இன்னும் வேறு. 1799இல் முதலூர் எழுந்தது கிறிஸ்தவக் குடியிருப்பாக. அங்கே மதம் மாறியது குடும்பம் குடும்பமாக, ஊர் ஊராக. தனி ஒருவன் நள்ளிரவில் ஒளி கண்டு மாறும் காட்சி அந்த மண்ணில் ஒட்டாது.

வசனத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். கத்தோலிக்கர் வாயில் சர்வேசுரன், பூசை, நன்மை வாங்குவது (அதே அப்பம் வாங்கும் சடங்கு), சம்மனசு (தேவதூதர்). சீர்திருத்தச் சபையார் வாயில் பராபரன், கர்த்தர், ஆராதனை, இராப்போஜனம். பாதிரியார் அங்கே சாமியார், இங்கே ஐயர். கத்தோலிக்கப் பாட்டியைக் ‘கர்த்தர்’ என்று சொல்லவிட்டால் தெரிந்த வாசகர் அந்த வரியிலேயே புத்தகத்தை மூடிவிடுவார். பாதிரியாருக்குத் துணையாக வேதம் கற்பித்து ஜெபம் நடத்தும் உள்ளூர்க்காரரான உபதேசியாரும் பல கதைகளில் காணாமலே போகிறார். வெள்ளைக்காரர் எப்போதாவது வருவார், மற்ற நாளெல்லாம் ஊரில் இருந்தவர் உபதேசியார். அவர் எந்தச் சாதி, எந்தத் தெருவுக்குள் போய் ஜெபம் நடத்த முடியும் என்பதில்தான் கதை இருக்கிறது.

பெயரையும் கவனியுங்கள். 1879இல் வெளியான தமிழின் முதல் நாவலை எழுதியவர் கத்தோலிக்கர், மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். நாவலின் நாயகன் இந்து, முதலியார். எழுதியவர் பெயர் வேதநாயகம் பிள்ளை.