டிக்கெட்டுக்கு முன்னால் பெயரைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கோடை லீவு விட்டால் ஏற்காடு ஏறிக்கொண்டிருந்த சேலத்துக் குடும்பங்கள் இப்போது துபாய், சிங்கப்பூர், சுவிட்சர்லாந்து என்று கிளம்புகின்றன. விசா வேலையாக என்னிடம் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு ஆகும்?" நான் கேட்பது, "பாஸ்போர்ட்டில் பேர் எப்படி இருக்கு?"

நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அதனால் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டு, 'முருகேசன்' என்று ஒரே பெயரை எழுதிவிடுகிறோம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா இல்லை என்றது. அப்புறம், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் அச்சாகியிருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். அமெரிக்க விசாவில் இதே முருகேசன் சர்நேம் ஆகிவிடுவார். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று வரும். முதல் பெயர் தெரியவில்லையாம்! ஆறு மாதத்துக்குக் குறைவாகச் செல்லுபடி உள்ள பாஸ்போர்ட்டைப் பல நாடுகள் ஏற்பதில்லை. எப்படியும் புதுப்பிக்கத்தான் போகிறீர்கள். அப்போதே இனிஷியலை விரித்து, அப்பா பெயரைச் சர்நேமாகப் போட்டுவிடுங்கள். டிக்கெட்டிலும் எழுத்துப் பிசகாமல் அதே பெயர்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது பணம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவரிடம் பணம் இல்லாமல் இல்லை, பேங்க் கணக்கில்தான் தெரிவதில்லை. விண்ணப்பம் போடும் வாரத்தில் மச்சானிடம் ஐந்து லட்சம் கைமாற்றாக வாங்கிக் கணக்கில் போடுவார். விசா அதிகாரி பார்ப்பது கணக்கின் கடைசி இருப்பை மட்டும் அல்ல. பல மாதத்து வரவு செலவை. திடீரென்று வந்து விழுந்த தொகைதான் முதலில் கண்ணில் படும். சின்னத் தொகையானாலும் மாதாமாதம் வந்து போகட்டும், வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்திருக்கட்டும்.

சிங்கப்பூருக்கு ஒரு வார்த்தை. அங்கே இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டை இலவசம். அதற்குக் காசு கேட்கிற தளங்களும் இருக்கின்றன, ஜாக்கிரதை. அந்த அட்டை விசா ஆகாது. விசா தனியாக வாங்க வேண்டும்.

ஐரோப்பாவுக்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஷெங்கன் விசா ஒன்றை வைத்து 29 நாடுகளைச் சுற்றலாம், எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பாரிஸில் மூன்று நாள், சுவிட்சர்லாந்தில் ஐந்து நாள் என்றால் சுவிட்சர்லாந்திடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். "பிரான்ஸ்காரர்கள் சீக்கிரம் கொடுக்கிறார்களாம்" என்று மாற்றிப் போடாதீர்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாள் வரை இழுக்க வேண்டாம். மே மாதப் பயணத்துக்கு, விண்ணப்பம் கொடுக்க அவர்கள் ஒதுக்கும் நேரம் கிடைப்பதே பாடு. கைரேகை கொடுக்க வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் நேரில் போக வேண்டியிருக்கும். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கைரேகை கிடையாது.

விசா வந்ததும் பெயர், தேதியோடு எத்தனை முறை நுழையலாம் என்பதையும் பாருங்கள். ஒரு முறைதான் என்றிருந்தால், பாரிஸிலிருந்து லண்டன் போய்விட்டு மறுபடி பாரிஸ் வந்து விமானம் ஏற முடியாது. லண்டனுக்கு விசாவே வேறு. லண்டனைக் கடைசியில் வைத்து அங்கிருந்தே ஊர் திரும்புங்கள். இல்லாவிட்டால் பல முறை நுழையும் விசாவாக விண்ணப்பத்திலேயே கேளுங்கள். வணக்கம்.