எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து: படகுகள் இருந்தும் பிழைக்காத கப்பல்

(திரையில்: கனடா, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் வரைபடம்)

டைட்டானிக் மூழ்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. படகுகள் போதவில்லை என்று உலகமே திட்டித் தீர்த்த பிறகு, கப்பல் நிறுவனங்கள் படகுகளை அடுக்கிவைத்திருந்த காலம் அது. 1914 மே 28 மாலை கியூபெக்கிலிருந்து லிவர்பூலுக்குக் கிளம்பிய எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்திலும் அப்படித்தான். கப்பலில் 1,477 பேர். அத்தனை பேரையும் ஏற்றிய பிறகும் படகுகளில் இடம் மிச்சமிருக்கும்.

மறுநாள் விடிவதற்குள் அவர்களில் 1,012 பேர் இறந்துவிட்டார்கள்.

(திரையில்: கேப்டன் ஹென்றி கெண்டலின் படம்)

கேப்டன் கெண்டல் இந்தக் கப்பலின் பொறுப்பை ஏற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் அவர் பெயர் ஏற்கெனவே பிரபலம். லண்டனில் மனைவியைக் கொன்றுவிட்டுத் தப்பிய டாக்டர் கிரிப்பனைத் தன் கப்பலில் அடையாளம் கண்டு, கம்பியில்லாத் தந்தி மூலம் போலீசுக்குச் சொன்னவர் இவர்தான். 1910இல் கிரிப்பன் கைதான இடம் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் உள்ள ஃபாதர் பாயின்ட் அருகே. இந்த விபத்தும் அதே ஃபாதர் பாயின்டுக்குப் பக்கத்தில்தான் நடந்தது. கதையில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

நள்ளிரவு தாண்டி, வழிகாட்டும் பைலட்டை அங்கே இறக்கிவிட்டு எம்ப்ரஸ் கடலை நோக்கித் திரும்பியது. எதிரே நிலக்கரி ஏற்றிய நார்வே கப்பல் ஸ்டோர்ஸ்டாட். பல மைல் தொலைவில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துவிட்டன. பிறகுதான் மூடுபனி நடுவே இறங்கியது.

(அனிமேஷன்: மேலிருந்து பார்க்கும் கோணத்தில் இரு கப்பல்கள்)

இங்கே கவனியுங்கள். கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. இரு கப்பல்களும் வலப்பக்கத்துக்கு வலப்பக்கமாகக் கடக்கும் என்பது கெண்டலின் கணக்கு. எம்ப்ரஸின் சிவப்பு விளக்கைப் பார்த்ததாகவும், இடப்பக்கமாகக் கடக்கப்போவதாக நினைத்ததாகவும் ஸ்டோர்ஸ்டாட் அதிகாரிகள் சொன்னார்கள். பனிக்குள் எம்ப்ரஸ் மூன்று முறை ஊதி, இன்ஜினைப் பின்னோக்கி இயக்கி நின்றது. ஸ்டோர்ஸ்டாட் வலப்பக்கம் திரும்பியது. நின்ற கப்பலின் விலாவில், இரண்டு புகைபோக்கிகளுக்கு நடுவே, அதன் முகப்பு புகுந்தது.

இன்ஜினை நிறுத்தாமல் முன்னோக்கியே தள்ளிக்கொண்டிருக்கும்படி ஸ்டோர்ஸ்டாட்டைப் பார்த்துக் கெண்டல் மெகாஃபோனில் கத்தினார். ஓட்டையை அந்த முகப்பே அடைத்திருக்கட்டும் என்பது எண்ணம். ஆனால் இரு கப்பல்களும் விலகிவிட்டன. தைத்த முள்ளை உருவியதும் ரத்தம் பீறிடுவதுபோலத் தண்ணீர் கொதிகலன் அறைகளுக்குள் பாய்ந்தது.

நீர்புகாக் கதவுகள் இருந்தன. ஆனால் அவற்றைக் கையால் சுற்றித்தான் மூட வேண்டும். அதற்கு ஆட்களும் நேரமும் இல்லை. காற்றுக்காகத் திறந்துவிட்டிருந்த வட்ட ஜன்னல்கள் பல. கப்பல் வலப்பக்கம் சாய்ந்ததும் அவை நீர்மட்டத்துக்கு வந்தன. ஒவ்வொன்றும் ஒரு புதிய ஓட்டை. கீழ்த்தளங்களில் உறங்கிய மூன்றாம் வகுப்புப் பயணிகள் பலருக்கு எழுந்து ஓடவும் அவகாசம் கிடைக்கவில்லை.

படகுகள்? இடப்பக்கப் படகுகள் வெளியே தொங்குவதற்குப் பதில் தளத்தின் மேலேயே சரிந்து ஆட்களை நசுக்கின. வலப்பக்கம் சிலவற்றை மட்டுமே இறக்க முடிந்தது. படகுகளின் எண்ணிக்கையைப் பற்றி அத்தனை விவாதித்தவர்கள், கப்பல் நிமிர்ந்து நின்றால்தான் அவற்றை இறக்க முடியும் என்பதைப் பெரிதாக யோசிக்கவில்லை.

சுமார் பத்து நிமிடத்தில் கப்பல் பக்கவாட்டில் படுத்தது. நூற்றுக்கணக்கானோர் அதன் இரும்புப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். 14ஆவது நிமிடத்தில் அதுவும் மூழ்கியது. தண்ணீர் உறையும் குளிரில் இருந்தது. மோதிய ஸ்டோர்ஸ்டாட்டே தன் படகுகளை அனுப்பிப் பலரைத் தூக்கியது. 138 குழந்தைகளில் பிழைத்தவர்கள் 4 பேர். லண்டன் மாநாட்டுக்குப் போன, கிறிஸ்தவத் தொண்டு அமைப்பான இரட்சணிய சேனையின் கனடிய இசைக்குழுவில் பெரும்பாலோர் திரும்பவில்லை.

(திரையில்: விசாரணை மன்றம், கியூபெக்)

டைட்டானிக்கை விசாரித்த அதே லார்ட் மெர்சி இங்கும் தலைமை தாங்கினார். பனியில் திசை மாற்றியதும், தூங்கிய கேப்டனை உடனே எழுப்பாததும் ஸ்டோர்ஸ்டாட்டின் முதன்மை அதிகாரி செய்த தவறு என்றது தீர்ப்பு. நார்வே தனியாக விசாரித்து எம்ப்ரஸ் மீது பழிபோட்டது. ஒரே மோதலுக்கு இரண்டு குற்றவாளிகள்.

இறந்த பயணிகள் மட்டுமே 840 பேர். டைட்டானிக்கில் இறந்த பயணிகளும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் சில வாரங்களில் முதல் உலகப் போர் வெடித்து, பத்திரிகைகளின் முதல் பக்கத்தை எடுத்துக்கொண்டது. எம்ப்ரஸில் கோடீஸ்வரர்களின் வரிசையும் இல்லை. இந்தக் கப்பல் மறக்கப்பட அதுவும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஸ்டோர்ஸ்டாட்டை 1917இல் ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது.

எம்ப்ரஸ் கிடப்பது சுமார் 40 மீட்டர் ஆழத்தில்தான். முக்குளிப்பவர்கள் எட்டக்கூடிய ஆழம் என்பதால், 1964இல் அது மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து பீங்கான் தட்டு முதல் வட்ட ஜன்னல் வரை அள்ளிக்கொண்டு போனார்கள். 1999இல் கியூபெக் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சொத்தாக அறிவித்தது.