பிளாஸ்மாவின் அடர்த்தியை ஒளியால் அளப்பது

அனைவருக்கும் வணக்கம்.

ஓர் அலுமினியத் தகட்டின் மேல் வலுவான லேசர் துடிப்பு விழுந்தால், அதன் மேற்பரப்பு பிளாஸ்மாவாகி, அதாவது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்த சூடான வாயுவாகி, நொடிக்கு நூறு கிலோமீட்டர் அளவு வேகத்தில் பொங்கி வரும். அதில் ஒரு கன சென்டிமீட்டருக்கு எத்தனை எலக்ட்ரான்கள்? கண்டுபிடிக்க இன்னொரு மெல்லிய லேசர் கதிரைக் குறுக்கே அனுப்புகிறோம். பிளாஸ்மாவைத் தொடாத கதிரோடு அதைச் சேர்த்தால் கருப்பு வெள்ளைப் பட்டைகள் தெரியும். அவை எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்பதே கணக்கு.

படம் கலங்குவது பெரிய பிரச்சினை இல்லை. குறுக்கே அனுப்பும் ஆய்வுக் கதிரின் துடிப்பு 10 பைக்கோநொடி (ஒரு பைக்கோநொடி நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு) என்றால், அதற்குள் பிளாஸ்மா ஒரு மைக்ரான்தான் நகரும். உண்மையான எதிரி ஒளிவிலகல். தகட்டை நெருங்க நெருங்க அடர்த்தி செங்குத்தாக ஏறுகிறது. கதிர் வளைந்து லென்சுக்குள் வராமலே போய்விடுகிறது. நாம் அதிகம் அறிய விரும்பும் இடத்தில்தான் படம் இருண்டு கிடக்கும்!

சரி, என்ன செய்யலாம்? அலைநீளத்தைக் குறைக்கலாம். 1064 நானோமீட்டரை 266 ஆக்கினால் பட்டை நகர்வு நான்கில் ஒன்றாகும். வளைவோ பதினாறில் ஒன்றாகும். லாபமான பேரம் இது. அமெரிக்காவின் ராச்செஸ்டரில், ஒமேகா ஈபி லேசரில், 263 நானோமீட்டர் கதிரை வைத்து வளைவையே அளவுகோலாக்கினார்கள். லென்சின் குவியத்தில் வளையங்கள் கொண்ட வடிகட்டியை வைத்தால், எந்தக் கோணத்தில் வளைந்த ஒளி எங்கிருந்து வந்தது என்று படமே காட்டும். எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது.

அலைநீளத்தில் இன்னும் கீழே போனால், ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிரான மென் எக்ஸ் கதிர். 1995இல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் 15.5 நானோமீட்டர் யிட்ரியம் லேசரால் அளந்தார்கள். அப்புறம்தான் அந்த அதிர்ச்சி: 2005இல் வெளியான ஆய்வில், 14.7 நானோமீட்டரில் அலுமினியப் பிளாஸ்மாவின் பட்டைகள் எதிர்த்திசையில் வளைந்திருந்தன. கட்டற்ற எலக்ட்ரான்கள் ஒளிவிலகல் எண்ணை ஒன்றுக்குக் கீழே இறக்கும். அயனிகளுக்குள் கட்டுண்ட எலக்ட்ரான்களோ அங்கே அதை ஒன்றுக்கு மேலே ஏற்றிவிட்டன. கட்டற்ற எலக்ட்ரான்களை மட்டும் கணக்கில் எடுக்கும் பழைய சூத்திரத்தை நம்பினால் அடர்த்தி எதிர்ம எண்ணாக வரும்.

அதனால் நான் வலியுறுத்துவது இதைத்தான்: ஒரே அலைநீளத்தில் எடுத்த படத்தை இறுதி விடையாக வெளியிடாதீர்கள். இரண்டாவது அலைநீளத்திலோ, எலக்ட்ரான்கள் சிதறடிக்கும் லேசர் ஒளியை ஆராயும் தாம்சன் சிதறலாலோ சரிபாருங்கள். சிப் தயாரிப்புக்கு 13.5 நானோமீட்டர் ஒளி தரும் தகரப் பிளாஸ்மாவில், ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தினர் தாம்சன் சிதறலைக் கொண்டே அடர்த்தியையும் வெப்பநிலையையும் சேர்த்து அளந்திருக்கிறார்கள்.