விசாரணையை முன்கூட்டி நடத்தச் சொல்லி ஒரு கடிதம்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் இருக்கும் நம் குடும்பங்களுக்காக சோஷியல் செக்யூரிட்டி டிஸபிலிட்டி, அதாவது உடல்நிலையால் வேலை செய்ய முடியாதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை, பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். முழுவதையும் பேச ஒரு வாரம் வேண்டும். அதனால் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மனு போட்டாயிற்று, மறுத்துவிட்டார்கள். மறுபரிசீலனை கேட்டோம், அதிலும் இல்லை என்றுவிட்டார்கள். நிர்வாகச் சட்ட நீதிபதி முன் ஹியரிங், அதாவது நேர் விசாரணை, கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். தேதி வந்தபாடில்லை. வாடகை பாக்கி ஏறிக்கொண்டே போகிறது. இந்த நேரத்தில் என்ன செய்யலாம்?

இந்தக் காத்திருப்பு சாதாரணமானதல்ல. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் ஜி.ஏ.ஓ. 2020-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2008 முதல் 2019 நிதியாண்டு வரை மேல்முறையீடு செய்தவர்களில் ஏறத்தாழ 1,10,000 பேர் இறுதி முடிவைப் பார்க்காமலே இறந்துபோயிருக்கிறார்கள். 2014 முதல் 2019 வரையிலான காலத்தில் மட்டும் சுமார் 48,000 பேர் முடிவு வருமுன் திவால் மனு போட்டிருக்கிறார்கள்.

ஹியரிங் அலுவலகங்கள் பொதுவாக மனு வந்த வரிசைப்படிதான் கோப்பை எடுக்கும். ஆனால் சில கோப்புகளை முன்னால் எடுக்க வேண்டும் என்று அவர்களுடைய விதிகளிலேயே இருக்கிறது. உயிர் பிழைக்க வாய்ப்பில்லாத நோய் ஒரு வகை. ராணுவப் பணியில் காயம்பட்டவர்களும், முழு நிரந்தர ஊனம் என்று முன்னாள் ராணுவத்தினர் துறை முடிவு செய்தவர்களும் இன்னொரு வகை. கம்பாஷனேட் அலவன்ஸ் என்று மிகக் கடுமையான நோய்களின் பட்டியல் ஒன்று உண்டு. 2008-இல் 50 நோய்களோடு ஆரம்பித்து, இப்போது பல மடங்கு வளர்ந்திருக்கிறது. ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய், கணையப் புற்றுநோய் எல்லாம் அதில் அடக்கம். மனுதாரர் தன்னையோ பிறரையோ மாய்த்துவிடக்கூடும் என்ற அறிகுறி தெரிந்தாலும் கோப்பு முன்னால் வரும். இவற்றை எல்லாம் மருத்துவப் பதிவும் ஆவணமுமே காட்டிக்கொடுத்துவிடும். நாம் வாய் திறந்து கேட்டால்தான் கிடைக்கும் என்பது கடைசி வகை. அதை டயர் நீட் (dire need), அதாவது கடும் அவசரத் தேவை, என்பார்கள். உணவு, மருந்து அல்லது சிகிச்சை, தங்குமிடம் இவற்றில் ஒன்று இல்லை, அதைப் பெறுவதற்கு வழியும் இல்லை, அதனால் உடம்புக்கோ உயிருக்கோ உடனடி ஆபத்து. இதுதான் அளவுகோல்.

அதில் "உடனடி" என்பதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நான் இந்த மனுக்களில் உதவி செய்கிறவள், எங்களிடம் வரும் கடிதங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "மதிப்பிற்குரிய நீதிபதி அவர்களே, மூன்று வருடமாக மிகவும் கஷ்டப்படுகிறேன். கிரெடிட் கார்டு கடன் கழுத்தை நெரிக்கிறது. தயவுசெய்து கருணை காட்டுங்கள்." ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஆனாலும் இந்தக் கடிதத்தால் கோப்பு நகராது. கார்டு கடனும், கார் தவணையும், சேமிப்பு கரைந்ததும் டயர் நீட் ஆகாது. அந்த அலுவலகத்தில் காத்திருக்கும் எல்லோருக்குமே கஷ்டம்தானே!

அதே வீட்டு நிலைமையை வேறு மாதிரி எழுதலாம். "மின்சார வாரிய நோட்டீஸ்படி மார்ச் 14 அன்று இணைப்பு துண்டிக்கப்படும்; நகல் இணைத்துள்ளேன். எனக்கு நீரிழிவு. பிரிக்காத இன்சுலினை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். வங்கிக் கணக்கில் 41 டாலர் உள்ளது. இம்மாத அறிக்கை இணைப்பில். கவுண்டி (மாவட்ட) அலுவலகத்தில் மின்கட்டண உதவி கேட்டேன். நிதி தீர்ந்துவிட்டது என்று அவர்கள் தந்த கடிதமும் இணைப்பில்." அவ்வளவுதான், அரைப் பக்கம். என்ன ஆபத்து, எந்தத் தேதியில், அது உடம்பை எப்படித் தொடுகிறது, வேறு எங்கே கேட்டுப் பார்த்தோம் என்பதெல்லாம் வந்துவிட்டது. நீதிபதியைப் புகழ வேண்டியதில்லை. சொல்லப்போனால் இதை முதலில் படிப்பவர் நீதிபதியே அல்ல, அலுவலக நிர்வாகத்தில் இருப்பவர். மாறான சான்று எதுவும் இல்லாதவரை மனுதாரர் சொல்வதை ஏற்கலாம் என்பதுதான் விதி. நடைமுறையில் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸோ, மருந்துக்கடை கொடுக்க மறுத்த சீட்டோ கூட இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கிறது.

நம் வீடுகளில் சிக்கலே இந்தக் காகிதத்தில்தான். நாம் கஷ்டத்தை வெளியே காட்டுவதில்லை. வாடகை தவறினால் வீட்டுக்காரர் நோட்டீஸ் ஒட்டுவதற்குள் மச்சினர் பணம் அனுப்பிவிடுவார். நல்ல மனசுதான், யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் கோப்பில் பார்த்தால் இவருக்கு வாடகை கட்ட வழி இருக்கிறது என்றல்லவா தெரியும்? வருமானம் குறைந்தவர்களுக்கான எஸ்.எஸ்.ஐ. என்ற உதவித்தொகையைக் கேட்டிருப்பவர்களுக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. உறவினர் கொடுக்கும் ரொக்கம் வருமானமாகக் கணக்கில் ஏறிவிடலாம். திருப்பித் தருவதாகப் பேசி வாங்கிய கடன் அப்படி ஏறாது. ஆகவே கைமாற்று வாங்கினால் எவ்வளவு, எப்போது, எப்படித் திருப்பித் தருவேன் என்று நாலு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். "சொந்தத்துக்குள் பத்திரமா?" என்று மாமா முகம் சுளித்தால் சுளிக்கட்டும். உறவினர் இனிமேல் தன்னால் முடியாது என்றால் அதையும் ஒரு கடிதமாக வாங்கிக் கோப்பில் சேருங்கள். உணவு விஷயத்தில் கவலை வேண்டாம். 2024 செப்டம்பர் 30 முதல், அண்ணன் வீட்டில் சாப்பிடுவதை எஸ்.எஸ்.ஐ. கணக்கில் சேர்ப்பதில்லை.

டயர் நீட் என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்களா? நல்லது. ஆனால் முன்னால் வருவது விசாரணைதான், சாதகமான முடிவு அல்ல. வாடகை பாக்கியைக் காட்டி உடல் ஊனத்தை நிரூபிக்க முடியாது. மருத்துவப் பதிவு பாதிதான் வந்திருக்கிறது என்றால், சீக்கிரம் ஹியரிங் கிடைத்ததே வினையாகவும் முடியலாம். அதனால் கடிதம் எழுதும் அன்றே மருத்துவமனைப் பதிவுகளையும் கேட்டுவிடுங்கள். ஹியரிங்குக்குக் குறைந்தது 5 வேலை நாட்களுக்கு முன்பே எல்லாச் சான்றையும் கொடுத்துவிட வேண்டும், அல்லது இன்னது வரவேண்டியிருக்கிறது என்றாவது எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஹியரிங் தேதியை 75 நாட்களுக்கு முன்பே தெரிவிக்க வேண்டும் என்பது விதி. நம் பாதுகாப்புக்காகத்தான் வைத்தார்கள். ஆனால் ஆபத்தில் இருக்கிறவருக்கு அந்த இரண்டரை மாதமே பெரிய தடையாகிவிடுகிறது. அந்த அவகாசம் வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டால், இடையில் யாராவது ரத்து செய்த தேதிகூட உங்களுக்குக் கிடைக்கலாம். பதிவுகள் கையில் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். பதிவுகள் மிக வலுவாக இருந்தால் இன்னும் ஒரு படி மேலே போகலாம்: விசாரணையே வேண்டாம், கோப்பில் உள்ளதை வைத்தே முழுச் சாதகமாக முடிவு எழுதுங்கள் என்று நீதிபதியைக் கேட்கலாம். அப்படி எழுத அவருக்கு அதிகாரம் இருக்கிறது. எல்லா வழக்கிலும் கேட்டு அந்தக் கோரிக்கையை மலினப்படுத்தாதீர்கள்.

உங்கள் தொகுதியின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினர் அலுவலகத்தில், இப்படித் தேங்கிய கோப்புகளைப் பற்றி விசாரிப்பதற்கென்றே ஊழியர்கள் இருப்பார்கள். ஒப்புதல் படிவம் ஒன்றில் கையெழுத்து கேட்பார்கள். பிறகு ஹியரிங் அலுவலகத்துக்கு எழுதி நிலவரம் விசாரிப்பார்கள். அவர்கள் கேட்டுவிட்டார்கள் என்பதற்காக இல்லாத அவசரம் உண்டாகிவிடாது. உள்ள அவசரம் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது என்றால் அது வெளியே வரும். இதற்குக் காசு எதுவும் கிடையாது. சீக்கிரம் தேதி வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். வழக்கமான ஒப்பந்தப்படி, வழக்கு ஜெயித்தால்தான் வக்கீலுக்குக் கட்டணம்: உங்களுக்கு வந்துசேர வேண்டிய பழைய மாதங்களின் நிலுவைத் தொகையில் 25 சதவீதம், அல்லது 2024 நவம்பர் 30 முதல் உள்ள உச்சவரம்பான 9,200 டாலர், இரண்டில் எது குறைவோ அது. ஹியரிங்கில் மொழிபெயர்ப்பாளரும் இலவசம். அம்மாவுக்குத் தமிழில் பேசினால்தான் வலியைச் சொல்ல வரும் என்றால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மகனோ மருமகளோ மொழிபெயர்க்க உட்கார வேண்டியதில்லை.

கடிதம் அனுப்பி ஒரு வாரம் கழித்து ஹியரிங் அலுவலகத்துக்குப் போன் செய்து, டயர் நீட் குறிப்பு கோப்பில் ஏறிவிட்டதா என்று கேளுங்கள். ஏறவில்லை என்றால் திரும்ப அனுப்புங்கள். நிலைமை மோசமானால் புது நோட்டீஸோடு இன்னொரு கடிதம் எழுதுங்கள். வீட்டைக் காலி செய்ய நேர்ந்துவிட்டால், பெட்டி கட்டும் அன்றே புது முகவரியைச் சொல்லிவிடுங்கள். போக இடமே இல்லை என்றாலும் தபால் வாங்கிக்கொள்ள ஒரு நண்பர் வீட்டு முகவரியாவது கொடுங்கள். இல்லாவிட்டால் ஹியரிங் நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போய்விடும், நீங்கள் வரவில்லை என்று கோப்பில் எழுதிவிடுவார்கள், தகுந்த காரணம் காட்டாவிட்டால் கோரிக்கையே தள்ளுபடியாகும். வீடு போகப்போகிறது என்று அவசர விசாரணை கேட்டவர், வீடு போனதாலேயே விசாரணையையும் இழப்பது இப்படித்தான்.