ரீல் வராத நாற்பது நிமிடம்

நடுவர் ஐயா அவர்களே, என் அணித் தோழர்களே, நான் வாய் திறப்பதற்கு முன்பே மறுத்துத் தலையாட்டிக்கொண்டிருக்கும் எதிரணி அண்ணன்மார்களே, பந்தலில் இடம் போதாமல் வீட்டு முகப்புகளில் உட்கார்ந்து கேட்கும் ஆச்சிமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

"எண்பதுகளின் பழிவாங்கும் படங்களுக்குக் கூட்டம் கூடியது நீதிக்கு ஏங்கியா, அடிதடிக்கு ஆசைப்பட்டா?" இதுதான் இன்றைய பட்டிமன்றத் தலைப்பு. நீதிக்கு ஏங்கித்தான் என்று பேச வந்திருக்கிறேன். பங்குனித் திருவிழாவில் இப்படியும் ஒரு தலைப்பா என்று பெரியவர் ஒருவர் வாசலிலேயே வருத்தப்பட்டார். ஐயா, சா. கணேசன் 1939-இல் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கிய நாளிலிருந்து இந்த வட்டாரத்துக்குக் கம்பன் வீட்டுப் பிள்ளை. வாலியை இராமன் மறைந்து நின்று அடித்தது சரியா என்று நாம் எத்தனை இரவு கண்விழித்திருக்கிறோம்! அங்கே அம்பு, இங்கே அரிவாள். வழக்கு ஒன்றுதான்.

எதிரணித் தலைவர் முதலில் அந்தப் படங்களின் ஏழ்மையைப் பிடித்துக்கொண்டார். தள்ளினால் ஆடும் சுவர், குங்குமம் கரைத்த ரத்தம், கை படுவதற்கு முன்பே கேட்டுவிடும் அடிச் சத்தம், வில்லன் மாளிகைக்கும் கதாநாயகி வீட்டுக்கும் ஒரே மாடிப்படி. அத்தனையும் உண்மை. ஆனால் ரசிகனுக்கு இது தெரியாது என்று அவர் நினைப்பதுதான் எனக்கு வருத்தம். கீற்றுக் கொட்டகையில், தரை டிக்கெட்டில், மணலைக் குவித்து அதன்மேல் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு தச்சாசாரி. பர்மாத் தேக்கில் நிலை செதுக்கிய குடும்பம். திரையில் கதாநாயகன் கதவை உதைத்து உடைத்தான். ஆசாரி திரும்பிப் பார்த்து, "அது பலகை இல்லை, அட்டை" என்றார். கொட்டகையே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் உள்ளே இருந்த வில்லன் பயந்து எழுந்தான். அதே ஆசாரி கைதட்டினார். அட்டைக்குச் சிரித்தவர் எதற்குத் தட்டினார் என்பதுதான் என் கேள்வி. எதிரணி அட்டையோடு நின்றுவிட்டது.

குறைந்த செலவில் படம் எடுப்பதை இந்த ஊர் கேலி செய்யக் கூடாது. இங்கே தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ வைத்துத்தான் ஏவி. மெய்யப்பன் 1947-இல் 'நாம் இருவர்' கொடுத்தார். நம் காரைக்குடி இராம. நாராயணன் சிக்கனத்தை ஒரு கலையாகவே நடத்தி நூறு படங்களுக்கு மேல் எடுத்தவர். 1981-இல் விஜயகாந்தை வைத்து 'சிவப்பு மல்லி' எடுத்தார். பிற்பாடு பாம்பும் குரங்கும் யானையும் அவர் படங்களில் நடித்தன. அவை கால்ஷீட்டில் தகராறு செய்வதில்லை என்று நினைக்கிறேன்.

அதே 1981-இல் எஸ். ஏ. சந்திரசேகர் இயக்கி, அதே விஜயகாந்த் நடித்து வந்ததுதான் 'சட்டம் ஒரு இருட்டறை'. இன்று எதிரணி அதிகம் அடித்ததும் அந்தப் படத்தைத்தான். கதை தெரியாத இளைய பிள்ளைகளுக்காக இரண்டே வரியில் சொல்கிறேன். குடும்பத்தை அழித்த மூன்று பேர் சட்டத்தின் கையில் சிக்காமல் திரிகிறார்கள். தம்பி சட்டத்தின் ஓட்டைகளைக் கற்றுக்கொண்டு அவர்களைத் தீர்க்கக் கிளம்புகிறான். அவனைத் தடுக்க நிற்பவள் அவனுடைய சொந்த அக்காள், போலீஸ் அதிகாரி. நடுவர் ஐயா, படத்துக்குள்ளேயே இரண்டு அணி இருப்பதைக் கவனியுங்கள். வெறும் அடிதடிதான் சரக்கு என்றால் அந்த அக்காள் எதற்கு? அவளை எடுத்துவிட்டால் இன்னும் இரண்டு சண்டை வைக்க இடம் கிடைத்திருக்குமே! அவளையும் சேர்த்துத்தான் அந்தக் கதை ஊர் ஊராகப் போனது. தெலுங்கில் சிரஞ்சீவி, கன்னடத்தில் சங்கர் நாக், 1983-இல் இந்தியில் 'அந்தா கானூன்' என்று ரஜினிகாந்த். இந்திக்கு அவர் போன முதல் படமே அதுதான்.

"இதெல்லாம் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான சரக்கு" என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். 1985-இல் வந்த 'நான் சிகப்பு மனிதன்' இந்திப் படத்தின் மறுஆக்கம், அந்த இந்திப் படத்துக்குத் தூண்டுதல் 1974-இல் சார்லஸ் பிரான்சன் நடித்த 'டெத் விஷ்' என்று வம்ச வரலாறே வாசித்தார். வரலாறு சரி. ஆனால் அந்த அமெரிக்கப் படத்தை அவர் முழுவதும் பார்த்தாரா என்று சந்தேகமாக இருக்கிறது. அதில் மனைவியைப் பறிகொடுத்தவன் நியூயார்க் தெருக்களில் வழிப்பறி செய்ய வருகிறவர்களையெல்லாம் சுட்டுக்கொண்டே போகிறான். உண்மையில் தன் மனைவியைக் கொன்றவர்களை அவன் கடைசிவரை கண்டுபிடிப்பதே இல்லை. அங்கே கோபத்துக்கு விலாசம் கிடையாது. இருட்டறைத் தம்பியிடம் மூன்று பெயர் எழுதிய கணக்கு இருக்கிறது. நான்காவது பெயரை அவன் அதில் சேர்த்துக்கொள்வதில்லை. வரவு செலவு எழுதிப் பழகிய ஊருக்கு இந்த வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

சினிமா பார்த்துத்தான் ஜனங்கள் சட்டத்தைக் கையில் எடுக்கக் கற்றார்கள் என்றும் சொன்னார். 1942 ஆகஸ்டில் விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையைத் திருவாடானைச் சிறையில் அடைத்தார்கள். மக்கள் திரண்டு போய்ச் சிறையை உடைத்து அவரை வெளியே கொண்டுவந்தார்கள். தேவகோட்டையில் நீதிமன்றமே எரிந்தது. விஜயகாந்த் அப்போது பிறக்கவே இல்லை.

இனி கொட்டகைக்கு வருகிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் ஊருக்குப் படம் ஓர் ஆண்டு கழித்து, மழைக்கோடு விழுந்த பிரதியாகத்தான் வரும். அந்தப் பிரதியும் எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. பக்கத்து ஊர்க் கொட்டகையில் ஒரு ரீல் ஓடி முடிந்ததும், அதைத் தகரப் பெட்டியில் போட்டு ஒருவர் சைக்கிளில் கொண்டுவருவார். எதிர்வீட்டு ஆச்சியோடு நான் இரண்டாவது ஆட்டத்துக்குப் போயிருந்தேன். அக்காளும் தம்பியும் நேருக்கு நேர் நிற்கும் கட்டம் வந்தது. திரை வெள்ளையாகிவிட்டது. சைக்கிள் பஞ்சராம். கொட்டகையில் ஒரே ஒரு பல்பைப் போட்டார்கள். நாற்பது நிமிடம்.

அந்த நாற்பது நிமிடத்தில் ஜனங்கள் என்ன பேசினார்கள் என்பதுதான் இன்று நான் கொண்டுவந்திருக்கும் ஒரே சாட்சி. சைக்கிள் கடைக்காரர் எழுந்து, "மூன்று பேரும் ஒழிந்தால் கணக்கு நேராகிவிடும், அவனை விட்டுவிட வேண்டும்" என்றார். பெஞ்சு டிக்கெட்டிலிருந்து ஓய்வு பெற்ற ஏட்டு ஒருவர், "தம்பி என்று விட்டால் அவள் காக்கியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகட்டும்" என்று எகிறினார். முறுக்கு விற்கும் அம்மாள் தட்டைத் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள், "பிடித்துக் கொடுத்துவிட்டு அவள் யார் வீட்டில் போய் ஒரு வாய் சோறு தின்பாள்?" அதற்கு ஏட்டிடம் பதில் இல்லை. இன்னும் யார் யாரோ பேசினார்கள். ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட, அந்தச் சண்டை எப்படி, இந்தக் குத்து எப்படி என்று பேசவில்லை. அடிதடிக்கு ஆசைப்பட்டு வந்த கூட்டம் பேசுகிற பேச்சா அது?

ஆச்சி அதுவரை வெற்றிலையை மென்றுகொண்டு பேசாமல் இருந்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்: "முதல் வாய்தாவிலேயே அந்த மூன்று பேரையும் உள்ளே வைத்திருந்தால் இந்தப் பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு?"

படத்தில் வாய்தா பற்றிப் பேச்சே இல்லை, நடுவர் ஐயா. அது ஆச்சியின் சொந்தச் சொல். அவருக்குப் பங்காளிகளுக்குப் பொதுவான வளவு வீட்டில் ஒரு பங்கு வர வேண்டியிருந்தது. கொழுந்தனார் வழியில் ஒருவர் வீட்டின் உள்பகுதியான இரண்டாங்கட்டைப் பூட்டிச் சாவியை மடியில் கட்டிக்கொண்டார். வழக்குப் போட்டு அப்போது பதினான்கு ஆண்டு ஆகியிருந்தது. என் அப்பா வக்கீல் குமாஸ்தா. அந்த வழக்கின் காகிதக் கட்டைச் சுமந்தவர் அவர்தான். வாய்தா அன்று ஆச்சி முதல் பஸ்ஸில் தூக்குச் சட்டியோடு கிளம்புவார். நீதிபதி விடுப்பு, எதிர்க்கட்சி வக்கீலுக்குக் காய்ச்சல், கமிஷனர் அறிக்கை வரவில்லை. எந்த ஊர்க் கோர்ட் என்று நான் சொல்லப்போவதில்லை, எல்லா ஊரிலும் காய்ச்சல் வருகிறது. திரும்பி வந்ததும் பஸ் டிக்கெட்டை ஒரு மங்குக் கிண்ணத்தில் போட்டு வைப்பார். செலவுத் தொகை கேட்கும்போது காட்ட வேண்டுமாம். கிண்ணம் நிறைந்து, அடுத்த கிண்ணம் எடுத்தார். அன்று கொட்டகையில் கைதட்டிய கைகளில் ஒன்று அந்தக் கை. அதைப் பார்த்து ரத்தவெறி என்று எதிரணி சொல்லுமானால், கிண்ணத்தையும் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

என் அப்பாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பின்னாளில் ஒரு கல்யாண வீட்டில் வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து 'அந்தா கானூன்' போட்டார்கள். அதில் அமிதாப் பச்சனுக்கு ஒரு பாத்திரம். யாரையோ கொன்றதாகச் சிறைக்குப் போய் வருகிறார். செத்ததாகச் சொல்லப்பட்டவன் உயிரோடு இருக்கிறான். நீதிமன்றத்திலேயே அவனைக் கொன்றுவிட்டு, தண்டனையைத்தான் முன்பே அனுபவித்துவிட்டேனே என்கிறார். அப்பா சிரித்துவிட்டார். "ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை தண்டிக்கக் கூடாது என்பது அரசியலமைப்பின் 20ஆம் பிரிவு. இது வேறு நாள், வேறு குற்றம். எங்கள் வக்கீல் இப்படி வாதாடினால் வக்கீல் சன்னதைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்வார்கள்" என்றார். சொல்லிவிட்டு, அந்தக் காட்சியை இன்னொரு முறை போடச் சொன்னார். முப்பது ஆண்டு கட்டுச் சுமந்த மனிதர்.

"கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல்" என்று குறள் சொன்னார் எதிரணித் தலைவர். களை எடுக்க வேண்டியவன் வேந்தன், நீ யார் என்று கேட்டார். நல்ல கேள்வி. வேந்தன் களைக்கொட்டைத் தொடாமல் பதினான்கு ஆண்டு வாய்தா போட்டால் பயிர் என்ன ஆகும் என்று வள்ளுவரிடம் கேட்டுச் சொல்லட்டும். கண்ணகிகூட அரசவைக்குப் போய் வழக்குரைத்த பிறகுதான் மதுரையை எரித்தாள் என்றார். போனாள். போன அன்றே வழக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது, அன்றே சிலம்பு உடைத்துச் சாட்சியம் பார்த்தார்கள், தவறு என்று தெரிந்ததும் நீதிபதியே உயிரை விட்டார். அப்படி ஒரு கோர்ட் இருந்திருந்தால் விஜயகாந்துக்கு இப்படி ஒரு படமே கிடைத்திருக்காது.

ஒரு குற்றச்சாட்டுக்கு மட்டும் என் அணியிடம் பதில் இல்லை. அந்தக் காலப் படங்கள் பலவற்றில், கதாநாயகனுக்குக் கோபம் வர வேண்டும் என்பதற்காக ஒரு தங்கையையோ மனைவியையோ கெடுத்துக் கொல்வார்கள். அதையும் ஆற அமர, நீட்டி நீட்டிக் காட்டுவார்கள். அந்தப் பெண்ணுக்குப் பெயர்கூட நினைவில் இருக்காது. அதற்கும் சீட்டியடித்தவர்கள் இருந்தார்கள். எதிரணியில் மூன்றாவதாகப் பேசிய அம்மையார் இதைச் சொன்னபோது நான் எதிரணியில் இருந்திருக்கலாமே என்று ஒரு நொடி தோன்றியது. அப்படிப்பட்ட காட்சிகளில் ஆச்சி முந்தானையால் என் முகத்தை மூடிவிடுவார். தானும் திரையைப் பார்க்க மாட்டார். வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பாக்கைத் தேடிக்கொண்டே இருப்பார். அவர் டிக்கெட் வாங்கியது அதற்காக இல்லை என்பதை மட்டும் என்னால் சாட்சி சொல்ல முடியும்.

படம் பார்த்துவிட்டுப் பையன்கள் சைக்கிள் செயினைச் சுழற்றினார்கள் என்றும் ஒரு வாதம் வந்தது. சுழற்றினார்கள். மறுநாள் அதே செயினை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். ஒருவர் இப்போது உங்கள் அணியிலேயே உட்கார்ந்திருக்கிறார், நான் பெயர் சொல்ல மாட்டேன்.

நடுவர் ஐயா மணியைத் தொட்டுப் பார்க்கிறார். பாக்கி இருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாற்பது நிமிடம் கழித்து, வேர்த்து விறுவிறுத்து ரீல் பெட்டி வந்து சேர்ந்தது. பல்பை அணைத்தார்கள். பேசிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். ஏட்டு மட்டும் நின்றுகொண்டே பார்த்தாராம். நான் பார்க்கவில்லை, ஆச்சியின் மடியில் தூங்கிப்போயிருந்தேன். வீட்டுக்கு வரும் வழியில் அவர் தோளில் கண்விழித்து, "அக்காள் பிடித்தாளா, விட்டாளா?" என்று கேட்டேன். "தூங்கு, நாளைக்கு எனக்கு ஆறு மணி பஸ்" என்றார். அதனால் முடிவை எதிரணித் தலைவர்தான் சொல்ல வேண்டும். அன்று அவர் சேர் டிக்கெட்டில் விழித்துக்கொண்டுதான் இருந்தார். வணக்கம்.