'நம்' விழுந்த நாள்

நேயர்களுக்கு வணக்கம். நான் மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவன். 'பொறுமையும் முயற்சியும்' என்று தலைப்புக் கொடுத்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். முயற்சி சரி. பொறுமை என்றால்தான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.

மிருதங்கத்தில் முதல் பாடம் நாலே சொல். த, தி, தொம், நம். இதில் ஆளைப் படுத்துவது கடைசிச் சொல். வலந்தலையில், அதாவது வலது கைப் பக்கத்தில், ஆள்காட்டி விரல் ஓரத்து மீட்டுத் தோலில் விழவேண்டும். அதே சமயம் மோதிர விரல், நடுவில் இருக்கும் கறுப்புக் கரணையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கவேண்டும். தொட்டால் போதும், அழுத்தக்கூடாது. அழுத்தினால் 'நம்' வராது, 'டப்' என்றுதான் கேட்கும். சரியாக விழுந்தால் தம்புராவோடு சேர்ந்து பேசும்.

என்னிடம் ஒரு பையன் வந்தான். பத்து வயது. சேர்ந்த மாதமே, "சார், மூணாம் காலம் வந்துடுச்சு" என்றான். முதல் காலம் என்றால் மெதுவாக வாசிப்பது, மூன்றாம் காலம் என்றால் வேகமாக வாசிப்பது. கை பறந்தது. நாதம் மட்டும் இல்லை. திரும்ப முதல் காலத்துக்கு இறக்கிவிட்டேன். அழுதான். சின்னப் பையன், சீக்கிரம் சரியாகிவிட்டான்.

எனக்குக் கவலை கொடுத்தது இன்னொருவர். வேலையில் ஓய்வு பெற்றபின் கற்றுக்கொள்ள வந்தவர். தினமும் காலையில் ஒரு மணி நேரம் வாசித்துப் பழகும் சாதகம், ஒரு நாள் தவறமாட்டார். "அவசரமே இல்ல சார், வரும்போது வரட்டும்" என்பார். நானும் "வரும், வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டு மாதம் ஓடிவிட்டது. வரவில்லை. எப்படி வரும்? எட்டு மாதமும் மோதிர விரலை அழுத்தியபடியே வாசித்திருக்கிறார். தினமும் ஒரு மணி நேரம் தப்பைக் கெட்டிப்படுத்தியிருக்கிறார், பாவம். அதைப் பொறுமை என்று பாராட்டிக்கொண்டிருந்தவன் நான். பாதிக் குற்றம் என்னுடையது.

அப்புறம் அவருடைய செல்பேசியையே பக்கத்தில் வைத்தோம். பத்து 'நம்' மட்டும் வாசித்துப் பதிவு செய்வது, கேட்பது, விரலை ஒரு நூல் தள்ளி வைப்பது, மறுபடி பத்து. கால் மணி நேரம் ஆனதும் மிருதங்கத்தை உறையில் போட்டுவிடவேண்டும். "இவ்வளவுதானா?" என்று அவருக்கு மனக்குறை. ஆனால் அந்தக் கால் மணி முடிந்ததும் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். முன்பு ஒரு மணி நேரம் வாசித்தும் அவருக்கு வேர்த்ததில்லை.

உறையில் போடச் சொன்னதற்குக் காரணம் உண்டு. களைத்த விரல் தானாகவே அழுத்த ஆரம்பித்துவிடும். 1993இல் எரிக்சன் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் பெர்லினில் படித்த வயலின் மாணவர்களைப் பற்றிய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நன்றாக வாசித்தவர்கள் தனியாகச் சாதகம் செய்தது நாளுக்குச் சுமார் மூன்றரை மணி நேரம். அதையும் ஒரே மூச்சில் செய்யவில்லை, நடுநடுவே ஓய்வு விட்டுத்தான் செய்தார்கள். பகலில் குட்டித் தூக்கமும் போட்டார்கள். இதைச் சொன்னால் என் மாணவர்கள் தூக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள்.

ராத்திரி வராத சொல் சில நாள் காலையில் வந்துவிடுகிறது. எனக்கே நடந்திருக்கிறது. அந்த ஒரு இடத்தில் காத்திருக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் ராத்திரி விரலை நகர்த்திப் பார்த்தவனுக்குத்தான் காலையில் வரும்.

போன வாரம் பெரியவர் வாசித்துக்கொண்டிருந்தார். டப், டப், டப், நம். கையை அப்படியே நிறுத்தி என்னைப் பார்த்தார். "சார், இது நான் வாசிச்சதா?" என்றார். திரும்ப வாசிக்கச் சொன்னேன். வரவில்லை. விரலைக் குனிந்து பார்த்தார், லேசாகத் தூக்கி வைத்தார். நாலாவது தடவை வந்தது.

வணக்கம்.